மலையடிவாரத்துப் பாட்டு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் ஒருநாள், ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு பிரயாணம் செய்தேன். வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டியது. டிரைவர் ஒரு பழைய பாட்டைப் போட்டார். 'அன்னக்கிளி' படத்தில் எஸ். ஜானகி பாடிய 'மச்சானைப் பார்த்தீங்களா'.

சினிமா சங்கீதத்தைத் திசை திருப்பிய புதுமைப் பாட்டு என்று அதைப் பற்றி எழுதத்தான் நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். பக்கத்தில் இருந்த கிழவியிடம் அதைச் சொன்னேன்.

"இதுல என்ன தம்பி புதுசு? எங்க ஆத்தா களையெடுக்கிறப்ப இப்படித்தான் இழுத்துப் பாடுவா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கிழவி சொன்னதில் நியாயம் இருந்தது.

போடிக்குத் தெற்கே, இதே மலையடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். 1943-ல் அங்கே பிறந்த ராசையாதான் பின்னாளில் இளையராஜா. தாயார் சின்னத்தாயம்மாளின் நாட்டுப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. தமையனார் பாவலர் வரதராஜன் பொதுவுடைமை மேடைகளில் பாடியவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தபோது, மலைமேல் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாட்டு முழங்கியது. ரோசம்மா புன்னூஸ் வென்றார். பதினான்கு வயதில் தமையனாரின் குழுவில் சேர்ந்து, ஊர் ஊராகச் சுற்றினார் ராசையா.

பிறகு சென்னை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் கற்றார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அந்த நாளில் நம் வாலிபர்கள் 'ஆராதனா'விலும் 'பாபி'யிலும் சொக்கிக் கிடந்தார்கள். அர்த்தம் தெரியாவிட்டாலும் வாய் ஹிந்திப் பாட்டையே முணுமுணுத்தது. அப்படிப்பட்ட வேளையில், மேஜையைத் தட்டித் தாளம் போட்டுக் கிராமத்து மெட்டுகளைப் பாடிக் காட்டிய ஒருவரைப் பஞ்சு அருணாசலம் நம்பினாரே, அதுதான் ஆச்சரியம்! 'இளைய' என்ற அடைமொழியைச் சேர்த்துப் பெயர் வைத்தவரும் அவரே.

முதல் ஒலிப்பதிவில் மின்சாரம் நின்றுபோயிற்று. நல்ல சகுனம்தான் என்று யாரோ கேலி செய்தார்களாம். இளையராஜாவே சொல்லியிருக்கும் கதை இது. 1976-ல் படம் வெளிவந்ததும் சகுனம் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். டீக்கடை ரேடியோவிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் அதே பாட்டு. கிராமத்துக் குரலுக்குப் பின்னே மேல்நாட்டு வாத்தியங்கள் உறுத்தாமல் ஒத்துப் போயின. பட்டணத்துக்கு அது புதுமை. மலையடிவாரத்துக்கோ வீட்டுக் குரல் ஊர் சுற்றித் திரும்பி வந்ததுபோல.

"அம்மா, உங்க ஆத்தா பாடினதைக் கொஞ்சம் பாடுங்களேன்" என்று கேட்டேன்.

கிழவி வெட்கப்பட்டாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். முதல் அடி வேறாகத்தான் இருந்தது. இரண்டாவது அடியில் அவளை அறியாமலே சினிமா மெட்டுக்குள் நழுவிவிட்டாள். சட்டென்று நிறுத்தினாள்.

"ஆத்தா பாடினது மறந்தே போச்சு தம்பி" என்றாள்.

ஜீப் போடிமெட்டில் நின்றது. பெண்கள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, 'புதுமை' என்று எழுதி வைத்திருந்ததை அடித்தேன். அதற்குப் பதில் என்ன எழுதுவதென்றுதான் தெரியவில்லை.