இருளுக்குப் பழகிய கண்

புனா நகரின் வடகிழக்கே, லோஹேகாவில் 1939-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் விமானப் படையினர் அமைத்த தளத்தின் அருகே பிற்காலத்தில் எழுந்து, விமானத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட விமான் நகரில், இன்று எக்ஸ்ரே, ஸ்கேன் நிலையங்களுக்குக் குறைவில்லை. இரவில் பறக்கும் விமானிக்கும், உடலின் உட்புறத்தை நோக்கும் வைத்தியருக்கும் ஒரு காலத்தில் பொதுவாயிருந்த சாதனம் ஒன்று உண்டு. அது சிவப்புக் கண்ணாடி.

1895-ல் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த சில காலத்திற்குள், ஒளிர்திரையில் இருதயத்தின் அசைவைப் பிரத்தியட்சமாகக் காணும் முறை பரவிற்று. ஆயினும் அத்திரை மிக மங்கலானதாகையால், பகலில் நுட்பத்தையும் நிறத்தையும் காட்டும் கூம்பணுக்கள் அங்கே பயனற்றுப் போக, மங்கிய ஒளியில் தொழிற்படும் கோலணுக்களையே வைத்தியர் நம்ப வேண்டியிருந்தது. அவையோ 20 முதல் 30 நிமிஷம் இருளில் இருந்தாலன்றிப் பூரண சக்தி பெறுவதில்லை. இந்த நியதியைப் பாரிஸ் வைத்தியர் பெக்ளேர் 1899-லேயே விளக்கினார். கோலணுக்கள் சிவப்பொளியை அநேகமாக உணர்வதில்லை என்பதைக் கொண்டு, 1916-ல் ஜெர்மானியரான டிரெண்டலென்பர்க் சிவப்புக் கண்ணாடியை வகுத்துத் தந்தார். அதை அணிந்தவர் வெளிச்சத்தில் நடமாடி, எழுதியபடியே தம் கண்ணை இருளுக்குப் பழக்கலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் இரவு விமானிகளும் இதையே அணிந்தனர். சென்னைப் பொது மருத்துவமனையில் பார்னார்ட் கதிரியக்க நிலையம் திறக்கப்பட்ட 1934-ல், உலகெங்கும் கதிரியல் பயின்றோர்க்கு இருளில் காத்திருப்பதும் கல்வியின் ஓர் அங்கமாகவே இருந்தது.

குறை திரையில் மட்டுமன்று, அந்த மங்கலில் கூர்மை இழக்கும் மனிதக் கண்ணிலும் உண்டென்று அமெரிக்க வைத்தியர் சேம்பர்லின் 1942-ல் வெளியிட்ட உரையில் நிலைநாட்டினார். 1948-ல் கோல்ட்மன் பிம்பத்தின் பிரகாசத்தைப் பன்மடங்கு பெருக்கும் குழலை அமைக்கவே, சிவப்புக் கண்ணாடி காலப்போக்கில் மறைந்தது.

அத்துடன் கண்ணின் பிரச்சினையும் தீர்ந்ததென்று எண்ணுவது பெரும் தவறு. இன்று படத்தைக் காட்டும் கணினித் திரையின் மீது ஜன்னல் வெளிச்சம் படியுமானால், நுரையீரலில் சிறு கட்டியைக் காட்டிக்கொடுக்கும் மெல்லிய சாம்பல் பேதம் அழிந்துவிடும்; முழு இருளோ கண்ணைக் களைப்பிக்கும். ஆகவேதான் படம் பார்க்கும் அறைக்குச் சுமார் 25 முதல் 50 லக்ஸ் ஒளி போதுமென்கின்றனர். சாதாரண அலுவலகத்தில் அது 500 வரை இருக்கும். கோடிக்கணக்கில் பொருள் செலவிட்டு இயந்திரம் வாங்குவோர், அதன் படத்தைப் பார்க்கும் வைத்தியருக்கு ஜன்னலற்ற ஓர் அறையையும், ஒளியைக் கூட்டிக் குறைக்கத்தக்க ஒரு விளக்கையும் அவசியம் அளிக்க வேண்டும்.