மேசைக் கணினியின் அமைவு நினைவு: டிப் சுவிட்ச் முதல் யூஇஎஃப்ஐ வரை

1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட 5150 தனிநபர் கணினியில் அமைவுத் திரை என்று எதுவும் இல்லை. தாய்ப்பலகையில் எட்டெட்டு நிலைமாற்றிகள் கொண்ட இரண்டு டிப் சுவிட்ச் தொகுதிகள் மட்டும் இருந்தன. நெகிழ்வட்டு இயக்கிகள் எத்தனை, 8087 கணிதத் துணைச் செயலி உண்டா, திரை ஒற்றை நிறமா வண்ணமா, நினைவகம் எவ்வளவு ஆகிய விவரங்கள் அனைத்தும் அந்தச் சிறு பிளாஸ்டிக் முனைகளின் நிலையில் அடங்கின. பெட்டியைத் திறந்து, கையேட்டைப் பார்த்து, பேனா முனையால் அவற்றை நகர்த்த வேண்டும். கணினி உயிர்பெறும்போது முதலில் இயங்கும் பயாஸ் என்னும் நிரல் அவற்றைப் படித்து அப்படியே நம்பும். நினைவக அட்டையைச் செருகிய ஒருவர் சுவிட்சை மாற்ற மறந்தால், புதிய நினைவகம் இருந்தும் இல்லாததுதான்.

கணினிக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர் யார், அந்த அறிவு எங்கே எழுதி வைக்கப்படுகிறது என்ற இரு கேள்விகளைப் பிடித்துக்கொண்டால் அமைவு விருப்பங்களின் வரலாறு தெளிவாகும். 1981இல் அறிந்தவர் மனிதர், எழுதுபலகை சுவிட்ச்.

பெரிய திருப்பம் 1984 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் ஏடி கணினி. அதில் மோட்டோரோலாவின் 146818 என்ற கடிகாரச் சில்லு இடம்பெற்றது. மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சீமாஸ் தொழில்நுட்பத்தில் உருவான அதில் 64 பைட் நினைவகம் இருந்தது. 14 பைட் கடிகாரத்துக்குப் போக, மீதி 50 பைட்டில் கணினியின் அமைவு விவரங்கள் பதியப்பட்டன. மின்சாரம் நின்றபின் அவற்றைக் காத்தது ஒரு லித்தியம் மின்கலம். அது தீர்ந்தால் திரையில் 161 என்ற பிழை எண் தோன்றும். சீமாஸ் என்பது உண்மையில் சில்லுத் தயாரிப்பு முறையின் பெயர். இன்றும் கணினி பழுதுபார்ப்போர் அமைவு நினைவையே அச்சொல்லால் சுட்டுவதற்கு இந்தச் சில்லே காரணம்.

ஐம்பது பைட்டின் நெருக்கடி வடிவமைப்பில் ஆழமான தடத்தை விட்டது. வன்தட்டின் உருளைகள், தலைகள், பகுதிகள் ஆகியவற்றின் எண்ணிக்கையை முழுமையாக எழுத அங்கே இடமில்லை. எனவே வழக்கமான வன்தட்டு வகைகளின் பட்டியல் ஒன்று பயாஸுக்குள் எழுதப்பட்டு, சீமாஸில் வகை எண் மட்டும் சேமிக்கப்பட்டது. 615 உருளைகளும் 4 தலைகளும் கொண்ட 20 மெகாபைட் தட்டு இரண்டாம் வகை. ஒரு தட்டுக்கு ஒதுக்கியது நான்கே பிட் என்பதால் பட்டியல் 15ஐத் தாண்ட முடியவில்லை. சந்தையில் தட்டுகள் பெருகியபோது வேறொரு பைட்டைத் தேடி எடுத்துப் பட்டியலை நீட்டினர். பின்னாளைய பயாஸ்களில் 47ஆம் வகை, பயனரே அளவுகளைத் தட்டச்சிடும் வெற்றிடமாக அமைந்தது. தட்டின் மேலட்டையில் அச்சிட்ட எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு திரையில் நிரப்பிய பழக்கம் இங்கிருந்தே தொடங்கியது. தட்டைத் தானே கேட்டறியும் வசதி 1990களில் வந்து அந்த வேலையை முடித்துவைத்தது.

ஏடியின் அமைவு நிரல் கணினிக்குள் இல்லை; உடன் வந்த பரிசோதனை நெகிழ்வட்டில் இருந்தது. அந்த வட்டு தொலைந்தால் சிக்கல்தான். இதைத் தீர்த்தவை ஐபிஎம்முக்கு வெளியே, ஒத்தியங்கு கணினிகளுக்காகப் பயாஸ் எழுதிய நிறுவனங்கள். ஃபீனிக்ஸ் 1984இல், ஐபிஎம்மின் நிரலைப் பார்க்காத பொறியாளர்களைக் கொண்டு எழுதிய பயாஸை உரிமத்துக்கு விற்றது. 1985இல் சுப்ரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் இத்துறையின் முதன்மைப் பெயர்களுள் ஒன்றானது. சென்னையிலும் அதன் மேம்பாட்டு மையம் இயங்குகிறது. இந்நிறுவனங்கள் அமைவு நிரலைப் பயாஸ் சில்லுக்குள்ளேயே வைத்தன. கணினி தொடங்கும் நொடிகளில் டெலீட் விசையை அழுத்தினால் நீலத் திரை விரியும். காம்பேக் நிறுவனம் வேறு வழி சென்றது: அதன் பல கணினிகளில் எஃப்10 விசை, வன்தட்டின் தனிப் பிரிவில் இருந்த அமைவு நிரலைத் திறந்தது.

விரிவாக்க அட்டைகளின் நிலை இன்னும் சிரமமானது. ஒலி அட்டையும் பிணைய அட்டையும் செயலியை அழைக்கப் பயன்படுத்தும் குறுக்கீட்டு எண்கள் மோதாமல் இருக்க, ஒவ்வொரு அட்டையிலும் ஜம்பர் என்னும் சிறு இணைப்பியைப் பிடுங்கி இடம் மாற்ற வேண்டியிருந்தது. ஐபிஎம் 1987இல் பிஎஸ்/2 கணினிகள் பலவற்றில் ஜம்பர்களை ஒழித்து, ஒவ்வொரு அட்டைக்கும் அடையாள எண் தந்தது. ஆனால் அட்டையின் விவரக் கோப்பை நெகிழ்வட்டிலிருந்து ஊட்ட வேண்டும் என்ற நிபந்தனை தொடர்ந்தது. 1992இல் வந்த, விரிவாக்க அட்டைகளுக்கான பிசிஐ தடமும் 1994இன் பிளக் அண்ட் பிளே பயாஸ் வரையறையும்தான் கேள்வியையே புரட்டிப் போட்டன: இனி அட்டை தன்னைத் தானே அறிவிக்கும், கணினி இடம் ஒதுக்கும். வன்பொருளை அறிந்தவர் என்ற பொறுப்பு மனிதரிடமிருந்து இயந்திரத்துக்குக் கைமாறியது இந்தச் சில ஆண்டுகளில்தான்.

அதன்பின் அமைவுத் திரையில் எஞ்சியவை விருப்பத் தேர்வுகள். முதலில் எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்பது அவற்றில் முக்கியமானது. ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் 1995இல் வெளியிட்ட எல் டொரிட்டோ வரையறை அந்த வரிசையில் குறுந்தகட்டையும் சேர்த்தது. செயலியின் வேகமும் மின்னழுத்தமும் ஜம்பரிலிருந்து திரைக்கு வந்தன. இதே காலத்தில் பயாஸ், அழித்தெழுதக்கூடிய ஃபிளாஷ் சில்லுக்கு மாறியது. புதுப்பிப்பு எளிதானது, ஆபத்தும் கூடவே வந்தது. 1999 ஏப்ரல் 26 அன்று விழித்தெழுந்த சிஐஎச் வைரஸ் பல கணினிகளின் பயாஸையே அழித்து அவற்றைத் தொடங்க முடியாமல் செய்தது.

1990களின் இறுதியில் இட்டானியம் செயலிக்காக, பயாஸுக்கு மாற்றாக இன்டெல் உருவாக்கிய ஈஎஃப்ஐ, 2005இல் பல நிறுவனங்களின் கூட்டமைப்புக்குக் கைமாறி யூஇஎஃப்ஐ ஆனது. அமைவு விவரங்களுக்கு இனி ஐம்பது பைட் கஞ்சத்தனம் தேவையில்லை. அவை பெயரிட்ட மாறிகளாக ஃபிளாஷ் சில்லிலேயே தங்கின. இயங்குதளமும் அவற்றைப் படித்து எழுத முடிந்தது. தொடக்க வரிசையை விண்டோஸிலிருந்தோ லினக்ஸிலிருந்தோ மாற்றுவது இதனால்தான் சாத்தியம். 2011 வாக்கில் சுட்டியால் இயக்கும் வண்ணத் திரைகள் பரவலாயின. கண்ணுக்கு அதுவே பெரிய மாற்றமாகத் தெரிந்தாலும், உண்மையான மாற்றம் அதே ஆண்டின் யூஇஎஃப்ஐ 2.3.1 பதிப்பு முழுமைப்படுத்திய செக்யூர் பூட்டில் இருந்தது. நம்பகமான எண்ம ஒப்பம் இல்லாத இயங்குதளத்தைத் தொடங்க விடாமல் தடுப்பது அதன் வேலை. கணினியில் என்ன இருக்கிறது என்று பதிவு செய்த இடம், கணினியில் எதை அனுமதிக்கலாம் என்று தீர்மானிக்கும் இடமானது.

2021இல் விண்டோஸ் 11 இதைப் பொதுமக்களின் வீடுவரை கொண்டுவந்தது. அது கேட்ட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல கணினிகளின் செயலிக்குள் ஏற்கெனவே இருந்தும் அமைவுத் திரையில் அணைந்தே கிடந்தது. பல்லாண்டு அந்தத் திரையைத் திறந்தே பார்க்காதவர்களும் டெலீட் விசையைத் தேடினர். தாய்ப்பலகை நிறுவனங்கள் சில, அவ்வசதியை இயல்பாகவே இயக்கிவைக்கும் புதிய பயாஸ் பதிப்புகளை அந்த ஆண்டே வெளியிட்டன.