மொட்டை மாடியில் ஒரு ஜப்பானியர்!

1942, பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. ஆங்கிலேயர்கள் விட்டுவிட்டுப் போன ரேடார் கருவிகளைக் குடைந்துகொண்டிருந்த ஜப்பானிய நிபுணர்கள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் சிக்கியது. நியூமன் என்கிற பிரிட்டிஷ் ரேடார் சிப்பாய் எழுதிவைத்த குறிப்புகள். அதில் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது - ‘யாகி’!

அதை எப்படி உச்சரிப்பது என்றுகூட நிபுணர்களுக்குப் பிடிபடவில்லை. கைதியாக இருந்த நியூமனையே கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் அசந்துபோனார். அது அந்த வகை ஆன்டெனாவை உருவாக்கிய ஜப்பானியப் பேராசிரியரின் பெயர்தான் என்றார். விசாரித்தவர்கள் முகம் எப்படி மாறியிருக்கும்!

கொஞ்சம் பின்னால் போவோம். 1926. செண்டாய் நகரிலுள்ள தொஹொகு பல்கலைக்கழகம். ஹிடெட்சுகு யாகி அங்கே பேராசிரியர். ஆராய்ச்சியில் பெரும்பகுதியைச் செய்தவர் அவருடன் பணியாற்றிய ஷிண்டாரோ உடா. விஷயம் ரொம்ப எளிமையானது. அலையை வாங்க ஒரு உலோகக் கம்பி. அதற்குப் பின்னால் சற்றே நீளமாக ஒன்று. முன்னால் சற்றே குட்டையாகச் சில. இவற்றுக்கு வயர் இணைப்பே கிடையாது. ஆனாலும், எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் கூர்மையாகக் ‘காது கொடுத்துக்’ கேட்கும்!

1928-ல் இதுபற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியவர் யாகி. காப்புரிமையும் அவர் பெயரில்தான். விளைவு? உலகம் உடாவைப் பாதி மறந்தது. ஜப்பானிய ராணுவமோ இரண்டு பேரையுமே கண்டுகொள்ளவில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும்தான் அந்தக் கம்பிகளை ரேடாரில் பொருத்தின.

1945, ஆகஸ்ட் 6. ஹிரோஷிமா மீது விழுந்த அணுகுண்டு குறிப்பிட்ட உயரத்தில் வெடிக்க வேண்டும். உயரத்தை அளக்க அதில் ரேடார் இருந்தது. அந்த ரேடாரின் ஆன்டெனா... யாகி! சொந்த மண்ணில் பிறந்த பிள்ளையே குண்டோடு திரும்பி வந்தது.

யுத்தம் முடிந்து டெலிவிஷன் பரவியபோது, அதே ‘மீன் முள்’ வீட்டுக் கூரைகளில் ஏறியது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் நம் தென் மாவட்டத்து மொட்டை மாடிகளில் நடந்த கூத்து ஞாபகமிருக்கிறதா? ‘தெரியுதா? இன்னும் கொஞ்சம் திருப்பு... ஐயோ, போச்சு!’ நாம் திருப்பியது உடாவும் யாகியும் போட்ட கணக்கைத்தான்.

அமெரிக்க வீடுகளுக்குள்ளோ டி.வி. பெட்டி மேல் ‘முயல் காது’ உட்கார்ந்தது. இரண்டு கம்பிகள், அவ்வளவுதான். 2009, ஜூன் 12-ல் அங்கே பெரிய ஸ்டேஷன்கள் முழுக்க டிஜிட்டலுக்கு மாறியபோது, முயல் காதின் கதை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். முடியவில்லை! அங்கே இன்றும் மாதக் கட்டணம் இல்லாமல் காற்றில் வரும் சேனல்களைப் பார்க்க ஆன்டெனா வாங்குகிறார்கள். (இங்கே, தூர்தர்ஷனின் பழைய டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவை 2022-க்குள் மூடப்பட்டுவிட்டன.)

எதை வாங்குவது? அட்டையில் ‘ஹெச்.டி.’ என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். வருவது பழைய அலையா, டிஜிட்டலா என்பது கம்பிக்குத் தெரியாது! அதற்குத் தெரிந்தது நீளம் மட்டும்தான். 60 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 மீட்டர். அதில் பாதி, இரண்டரை மீட்டர் கம்பி வேண்டும். 600 மெகாஹெர்ட்ஸுக்கு 25 சென்டிமீட்டர் போதும். ஆகவே, உங்கள் ஊர் சேனல்கள் எந்த அலைவரிசையில் வருகின்றன, கோபுரம் எவ்வளவு தூரம், எந்தத் திசை... இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். பிறகு ஜன்னல் ஓரம், முடிந்தவரை உயரம். ‘ஆம்ப்ளிஃபயர் இருக்கு சார்’ என்று கடைக்காரர் சொன்னாலும், வராத சிக்னலை அது வரவழைக்காது. இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும்!

1956-ல் ஜப்பான் யாகிக்குக் கலாசார விருது கொடுத்துக் கௌரவித்தது. செண்டாயிலிருந்து டோக்கியோ சில நூறு கிலோமீட்டர்தான். சிக்னல் போய்ச்சேர முப்பது வருஷம்!