இழையறிந்த ரம்பம்: கொங்கு, நீலகிரி மரத் துளைவேலை குறித்து

நீலகிரிப் பங்களாக்களின் கூரையோரத்தில் பூவேலையோடு தொங்கும் பலகைகளை ஆங்கிலேயர் கொண்டுவந்த அலங்காரம் என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். வடிவம் கடல் கடந்து வந்தது உண்மைதான். 1844இல் பங்களாவாகத் தொடங்கிப் பின்னர் மைசூர் மன்னர்களின் கோடை மாளிகையான ஊட்டி ஃபெர்ன்ஹில், சுவிஸ் மலைவீடுகளின் சாயலில் அமைந்தது. இங்கிலாந்தின் டெரெஹாமிலிருந்து 1895 முதல் வெளிவந்த 'ஹாபீஸ்' வார இதழ், இத்தகைய துளைவேலைக்கான வரைதாள்களைப் பரப்பியது. ஆனால் வரைதாள் தானாகப் பலகையை அறுப்பதில்லை. அந்த வேலையின் பாதி அறிவு மரத்திலும் தச்சரின் கையிலும் இருந்தது என்பதே என் வாதம்.

வேலைமுறையைப் பார்ப்போம். முதலில் துரப்பணத்தால் பலகையில் துளையிட வேண்டும். கம்பி போல் மெலிந்த ரம்ப அலகை அதன் வில்வடிவச் சட்டத்திலிருந்து கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி பூட்டிக் கோட்டின்மேல் அறுக்க வேண்டும். அடுத்த துளைக்கு மீண்டும் கழற்றல், பூட்டல். தேர்ச் சிற்பத்தில் உளி ஆழத்தையும் நிழலையும் உண்டாக்குகிறது. துளைவேலையில் ஆழமே இல்லை. விட்ட மரமும் எடுத்த வெளியும் மட்டுமே. இழைக்குக் குறுக்கே மெல்லிய நாக்கு விட்டால் அது ஒடிந்துவிடும். அதனால் இதழ்கள் இழையோட்டத்தின் போக்கில் நீள்கின்றன. இதழுக்கும் இதழுக்கும் நடுவே சிறு பாலம் விடப்படுகிறது. இவற்றை வரைந்தவர் விருப்பமாகக் கொள்வது பிழை. அவை மரம் விதித்த விதி. கீழ்விளிம்பின் கூர்முனைகளும் வெறும் அழகு அல்ல. மழைநீர் அங்கே திரண்டு சொட்டிவிடும். பின்னாலிருக்கும் சட்டங்களின் வெட்டுமுனை நனையாது.

இத்தனைக்கும் ஈடுகொடுத்தது தேக்கு. எண்ணெய்ப்பசை உள்ள மரம், எளிதில் கோணாது. பம்பாய்க் கப்பல் கட்டுதளத்துக்காக 1840களின் இறுதியிலேயே ஆனைமலைத் தேக்கு வெட்டப்பட்டது. டாப்சிலிப் என்ற பெயரே கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்டதால் வந்தது. மரமும் கருவியும் மலைக்கு வர வழியும் திறந்தது: 1862இல் போத்தனூருக்கும் 1873இல் மேட்டுப்பாளையத்துக்கும் 1899இல் மலையேறிக் குன்னூருக்கும் ரயில் வந்தது. கோவையில் 1902இல் அமைந்த காஸ் வன அருங்காட்சியகத்தின் மரமாதிரிகளை, பலகையின் மரவகையை ஒப்பிட்டறியத் துளைவேலை ஆய்வாளர்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் கருத்து.

கம்மாளர் மரபில் கல்தச்சரும் மரத்தச்சரும் இரு கிளையினர். பேரூர்க் கோயிலின் கனகசபையில் கல்லிலேயே குடைந்த சங்கிலிகள் தொங்குகின்றன. கோயில் பலகணிகளில் கல்லைத் துளைத்து ஒளியை உள்ளே விட்டிருக்கிறார்கள். எடுக்கப்போகும் வெளியை முன்கூட்டியே காணும் பழக்கம் இம்மரபுக்குப் புதிதல்ல. அதனால் இங்குள்ள ஆசாரிக்குப் புதிதாக வந்தது கருவியும் பூவின் வடிவமும்தான், கண் அல்ல என்று கருதுகிறேன்.

இன்று கணினிவழி ரவுட்டர் எம்.டி.எஃப். பலகையில் நிமிடங்களில் ஜாலி என்னும் துளைத்தட்டியை வெட்டுகிறது. மரநாரை அழுத்திச் செய்த அப்பலகையில் இழையோட்டம் கிடையாது. இதழ் எத்திசையில் நீண்டாலும் அதற்கு ஒன்றே. பழைய வடிவத்தை நகலெடுக்கும்போது, இழைக்கு அடங்கி நீண்ட இதழ்களும் காரணம் இழந்து கூடவே வந்துவிடுகின்றன. ஆகவே கள ஆவணப்படுத்தலில் நிழற்படம் மட்டும் போதாது. பலகையின் தடிமன், இழைத் திசை, ரம்பம் நுழைந்த துளையின் இடம், பின்பக்க அறுப்புத் தடம், மரவகை ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். பழைய வீடு இடிபடும்போது பலகை விறகுக்குப் போகுமுன் இதைச் செய்தாக வேண்டும். கையால் அறுத்ததா, இயந்திரத்தால் அறுத்ததா என்பதைப் பின்பக்கத் தடமே சொல்லும். முன்பக்கத்துப் பூ சொல்லாது.