விமானத்தில் பவர் பேங்க்: கையில் இருக்கணும், பயன்படுத்தக்கூடாது. ஏன்?

சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும்போது "உள்ளே பவர் பேங்க் இருக்கா?" என்று கேட்பார்கள். "இல்லை" என்று சொல்லிவிட்டு, அப்புறம் சந்தேகத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தவரா நீங்கள்?

2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் பவர் பேங்க் மூலம் கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் போடக்கூடாது. இருக்கையின் யுஎஸ்பி வழியாகப் பவர் பேங்க்கிற்குச் சார்ஜ் ஏற்றவும் கூடாது. ஆனால் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

பயன்படுத்த முடியாததை ஏன் பக்கத்திலேயே வைத்திருக்கணும்?

காரணம், அதிலுள்ள லித்தியம் மின்கலம். கீழே விழுந்து அடிபட்டிருந்தாலோ தயாரிப்பில் குறை இருந்தாலோ அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். அணைத்த பிறகும் மறுபடி பற்றலாம் என்பதால் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். பயணிகள் பகுதி என்றால் சிப்பந்திகள் அதைச் செய்துவிடுவார்கள். நடுவானில் சரக்குப் பகுதிக்குள் யார் போவது?

2025 ஜனவரி 28ஆம் தேதி, தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. அதிலிருந்த 176 பேரும் வெளியேறினர். பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. விமானம் அப்போது தரையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

எவ்வளவு பெரியதைக் கொண்டுபோகலாம்?

100 வாட்-மணி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் இடமில்லை.

உங்களுடையதில் மில்லிஆம்பியர்-மணி மட்டும்தான் போட்டிருக்கிறதா? அதை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்துப் பாருங்கள். 20,000 என்றால் 74 வாட்-மணி. பிரச்சினையில்லை. எழுத்து அழிந்துபோன பழையதை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

பலர் மறப்பது இதைத்தான்: விமானம் நிறைந்திருந்தால், ஏறும் நேரத்தில் உங்கள் கைப்பையை வாங்கிச் சரக்குப் பகுதிக்கு அனுப்புவார்கள். கொடுப்பதற்குமுன் பவர் பேங்க்கை எடுத்துவிடுங்கள்.

கைத்தொலைபேசிக்கு என்ன விதி?

பழைய விதிதான், ஃபிளைட் மோடில் போடவேண்டும். உயரத்தில் கைத்தொலைபேசி கோபுரத்தைத் தேடித் தேடி முழுச் சக்தியில் சமிக்ஞை அனுப்பும். அது விமானியின் காதணிக் கருவியில் இரைச்சலை உண்டாக்கலாம். விமானத்தில் வைஃபை இருந்தால், ஃபிளைட் மோடிலேயே அதைப் பயன்படுத்தலாம்.

கைத்தொலைபேசி இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை முன்னே பின்னே நகர்த்தாதீர்கள். அதில் நசுங்கினால் மின்கலம் தீப்பிடிக்கலாம். அப்படியே விட்டுவிட்டு, சிப்பந்தியைக் கூப்பிடுங்கள்.