மன்றோ என்னும் பெயரும் நம் முன்னோர் பெயர்களும்

குற்றாலத்துப் பேரருவியின் முன் நின்று மேற்கே நிமிர்ந்து நோக்குவோர்க்குத் தெரிவது திரிகூட மலை. அம்மலைத்தொடரின் இப்புறம் பெய்யும் மழை சிற்றாறாகித் தென்காசிச் சீமையின் வயல்களுக்குப் பாய்கிறது. அப்புறம் பெய்யும் மழையோ கல்லடையாறாகி மேற்கே ஓடிக் கொல்லத்தை அடுத்த அட்டமுடிக் காயலில் கலக்கிறது. ஆறும் காயலும் கூடும் அவ்விடத்தில் ஒரு தீவுக்கூட்டம் உண்டு. அதற்கு 'மன்றோத் துருத்து' என்று பெயர். துருத்து என்பது தீவைக் குறிக்கும் மலையாளச் சொல். மன்றோ என்பது மலையாளமும் அன்று, தமிழும் அன்று. அது பல்லாயிரம் கல் தொலைவில் உள்ள ஸ்காட்லாந்து நாட்டுக் குடும்பப் பெயராகும்.

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில் வெள்ளையர் குடும்பப் பெயர் ஒன்றின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். வினா முறையானதே. அப்பெயர் நம் மூதாதையரின் வாழ்வை மூன்று இடங்களில் தொட்டுச் சென்றிருக்கிறது. தொட்ட மூன்று இடங்களிலும் அப்பெயர் ஏட்டில் எழுதப்பட்டது. நம் மூதாதையரின் பெயர் எழுதப்படவில்லை. அவ்வேறுபாட்டின் காரணத்தை அறிவது நமக்குப் பயன் தரும் என்பதாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

பெயர் பிறந்த இடம்

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் குரோமார்ட்டி என்னும் கடற்கழியின் வடகரையில் பவுலிஸ் என்ற இடம் உள்ளது. மன்றோ குலத் தலைவரின் இருப்பிடம் அதுவே. அக்குலத்தார் தம் முன்னோர் அயர்லாந்தில் ரோ என்னும் ஆற்றின் முகப்பிலிருந்து வந்தவர் என்றும், அவ்வாற்றுப் பெயரே தம் குடிப்பெயராயிற்று என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 14 ஆம் நூற்றாண்டு முதல் அவர்தம் தலைவர்களின் பெயர்கள் நிலப் பத்திரங்களில் காணப்படுகின்றன.

இங்கு ஓர் உண்மையை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ஒரு குலப்பெயரைத் தாங்கியவர் அனைவரும் ஒரே குருதியினர் அல்லர். தலைவனின் நிலத்தில் உழுதவரும், அவன் படையில் நின்றவரும், அவன் நிழலை நாடி வந்தவரும் அவன் பெயரையே தம் பெயராகக் கொண்டனர். குடும்பப் பெயர் என்பது பல வேளைகளில் பிறப்பைக் காட்டிலும் நிலத்தையே காட்டியது. ஆனால் பெயரைப் பெற்றவர் எல்லாரும் நிலத்தைப் பெற்றாரில்லை. 1792 இல் அப்பகுதியில் நிகழ்ந்ததை அந்நாட்டார் இன்றும் 'ஆடுகளின் ஆண்டு' என்று குறிப்பிடுவர். நோவார் என்னும் பண்ணையின் மேய்ச்சல் நிலம் ஆட்டுப்பண்ணைக்காரர்க்குக் குத்தகைக்கு விடப்பட, மாடு மேய்த்து வாழ்ந்த ஏழைக் குடிகள் வெகுண்டெழுந்து ஆட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றனர். படை வந்து அவர்களை அடக்கியது. அப்பண்ணைக்கு உரியவர் சர் ஹெக்டர் மன்றோ.

இந்த ஹெக்டர் மன்றோ நமக்கு முற்றிலும் அயலானவர் அல்லர். 1764 இல் பக்சார் போரை வென்றவரும், 1781 இல் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியவரும் அவரே. ஊர் திரும்பிய அவர் தம் பண்ணைக்கு மேலுள்ள பைரிஷ் மலையுச்சியில் நாகப்பட்டினக் கோட்டை வாயிலைப் போன்ற ஒரு கல்வாயிலை எழுப்பினார். சோழநாட்டுத் துறைமுகத்தின் வாயில் ஸ்காட்லாந்து மலையொன்றில் இன்றும் நிற்கிறது. அதற்குக் கல் சுமந்த கூலியாட்களின் பெயரைச் சொல்வார் இலர்.

பெயர் கடல் கடந்த வரலாறு

விளைச்சல் குறைந்த மலைநாட்டில் பிறந்த இளைஞர்க்குப் படையும் கப்பலுமே பிழைப்பாக இருந்தன. 17 ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட்ரூ மன்றோ என்பவர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் குடியேறினார். அவர் வழிவந்த ஜேம்ஸ் மன்றோ 1817 முதல் 1825 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கினார். அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றிய லைபீரியா நாட்டின் தலைநகர்க்கு 1824 இல் அவர் பெயரால் 'மன்றோவியா' என்று பெயரிட்டனர். விடுதலை பெற்ற அடிமைகளின் நகரம் தாங்கிய பெயரோ தாமே அடிமைகளை உடைமையாக வைத்திருந்த ஒருவருடையது!

ஹியூ மன்றோ என்பவர் 1891 இல் ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளின் பட்டியலை வெளியிட்டார். அன்று முதல் அத்தகைய மலை ஒவ்வொன்றையும் 'ஒரு மன்றோ' என்றே அந்நாட்டு மக்கள் வழங்குகின்றனர். இன்றைய கணக்கில் அவை 282. அம்மலைகளுக்குத் தனித்தனியே பழைய பெயர்கள் உண்டு. எனினும் பட்டியல் எழுதியவரின் பெயரே அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. எழுதுகோலின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இரு மன்றோக்களும் இரு ஊர்களும்

இனி நம் ஊருக்கு வருவோம். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடைத்தொலைவு சிறிதே. ஆயினும் 1956 நவம்பர் 1 ஆம் நாள் வரை தென்காசி சென்னை ஆட்சியிலும், செங்கோட்டை திருவிதாங்கூர் ஆட்சியிலும் இருந்தன. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்விரு ஆட்சிகளிலும் ஒவ்வொரு மன்றோ மேலோங்கி நின்றார்.

சென்னை ஆட்சியில் நின்றவர் சர் தாமஸ் மன்றோ. 1761 இல் கிளாஸ்கோ நகரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 1780 இல் கும்பினிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். சேலம் பகுதியிலும் கடப்பை, அனந்தப்பூர்ப் பகுதிகளிலும் நிலவரித் திட்டம் செய்து, 1820 முதல் சென்னை ஆளுநராக இருந்து, 1827 இல் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மறைந்தார். அவர்பால் கொண்ட அன்பினால் அனந்தப்பூர்ப் பகுதிக் குடியானவர் தம் பிள்ளைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பெயரிட்டனர். சென்னைத் தீவுத்திடலில் குதிரைமீது அமர்ந்த அவரது சிலையை அறியாதார் இலர். அவர் நேர்மையாளர், குடியானவர்க்கு இரங்கியவர் என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அவர் நிலைநாட்டிய ரயத்துவாரி முறை நம்மவர்க்குச் செய்தது என்ன? இடையில் ஜமீன்தார் இன்றி அரசு நேரே குடியானவர் பெயரில் பட்டா வழங்கி, அவரிடமே கிஸ்தி வாங்குவது அம்முறை. பட்டாவில் எழுதப்பட்டது நிலம் 'வைத்திருந்தவர்' பெயர். உழுதவர், நாற்று நட்டவர், இரவில் மடை காத்தவர் பெயருக்கு அதில் இடமில்லை. கர்ணத்தின் கணக்கில் நிலத்துக்கு எண் உண்டு, மரத்துக்குக் கணக்கு உண்டு. பண்ணையாளுக்குப் பெயர் இல்லை. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891 இல் அறிக்கை எழுதி, 1892 இல் அரசு பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்க ஆணையிடும் வரை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இந்நிலை கேள்வியின்றிக் கிடந்தது. அதன்பின் ஒதுக்கிய நிலங்களில் எத்துணை நம்மவர் கையில் நின்றன என்பது தனிக்கதை.

தாமஸ் மன்றோ கல்வியைப் பற்றியும் கணக்கெடுத்தார். 1822 இல் ஆணையிட்டுப் பெற்ற புள்ளிகளைத் திரட்டி 1826 இல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் காண்கிறோம். பள்ளிப் பிள்ளைகளைப் பிராமணர், வைசியர், சூத்திரர், ஏனைய சாதியார், முஸ்லிம்கள் என்று கட்டம் கட்டிக் கணக்கிட்டனர். நம் பிள்ளைகளுக்கெனத் தனிக் கட்டம் அதில் இல்லை.

செங்கோட்டைப் பக்கம் நின்றவர் கர்னல் ஜான் மன்றோ. பவுலிசுக்கு அணித்தேயுள்ள தியானினிக் என்னும் ஊரினர். 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் ரெசிடெண்டாகவும், அதில் சில ஆண்டுகள் திவானாகவும் இருந்து ஆட்சியைச் சீர்திருத்தினார். மன்றோத் துருத்து அவர் பெயரையே தாங்கியுள்ளது. அவர் திவானாக இருந்த 1812 ஆம் ஆண்டில் ராணி கௌரி லட்சுமி பாய் அடிமை வாணிகத்தைத் தடுக்கும் ஆணையொன்றைப் பிறப்பித்தார். வரலாற்று நூல்கள் அதனைப் புகழ்ந்து கூறும். ஆயினும் அவ்வாணையில் ஒரு விலக்கு இருந்தது: உழவுக்காக மண்ணோடு பிணைக்கப்பட்டிருந்த சாதியாரை விற்பதும் வாங்குவதும் தடுக்கப்படவில்லை. அவர்களே அடிமைகளில் பெரும்பாலோர். அவர்களே நம் முன்னோர். அவர்கட்கு விடுதலை அறிவிக்கப்பட, 1855 வரை, மேலும் நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. ஒரு விலக்கின் இடைவெளியில் இரண்டு தலைமுறைகள் புதைந்தன.

மலைமேல் ஒரு பத்திரம்

மூன்றாம் முறை அப்பெயர் நம்மைத் தொட்டது மூணாற்றில். மன்றோ என்பதிலிருந்தே மூணாறு பிறந்தது என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடமாதலின் அது மூணாறு. எனினும் மன்றோவுக்கும் அவ்வூர்க்கும் தொடர்பு உண்டு. திருவிதாங்கூர் அரசின் ஏலமலை அதிகாரியாக இருந்த ஜான் டேனியல் மன்றோ 1877 ஜூலை 11 ஆம் நாள் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பத்திரம் எழுதிப் பெற்றார். 1 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காடு ஒரு கையெழுத்தால் கைமாறியது. பின்னர் கிளாஸ்கோவின் பின்லே நிறுவனத்தார் வந்தனர், 1897 இல் கண்ணன் தேவன் கம்பெனி அமைந்தது, மலைகள் தேயிலையாயின.

அத்தேயிலையை நட்டவர் யார்? கங்காணிகள் கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுச் சங்கரன்கோவில், கோவில்பட்டி, தென்காசி வட்டாரங்களிலிருந்து மலையேறிய நம் மக்கள். அட்டைக் கடியிலும் பனியிலும் உழைத்து, லயங்களில் ஓர் அறையில் ஒரு குடும்பமாக வாழ்ந்து, வேலை முடிந்ததும் அவ்வறையையும் விட்டு இறங்கியவர்கள். 2020 ஆகஸ்ட் 6 ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டபோதுதான் லயங்களில் வாழ்வோரின் பெயர்களை நாளிதழ்கள் வரிசையாக அச்சிட்டன. நம்மவர் பெயர் அச்சேறுவதற்கு மலை சரிய வேண்டியிருந்தது.

பதிவேட்டில் ஒரு வரி

சில ஆண்டுகளுக்கு முன் மூணாற்றுத் தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் நம் பள்ளிக்கு வந்தார். பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழ் கேட்டால், "உங்கள் பூர்வீகத்துக்கு ஆதாரம் எங்கே?" என்று திருப்பி அனுப்பினராம். பட்டா இல்லை, வீட்டு வரி இரசீது இல்லை, தோட்டத்து அறையோ கம்பெனிக்கு உரியது. "எங்கய்யா இந்தப் பள்ளிக்கூடத்துல ரெண்டாங் கிளாஸ் வரைக்கும் படிச்சதாச் சொல்லுவாரு, சார்" என்றார். பழைய பீரோவைத் திறந்து, கரையான் அரித்த சேர்க்கைப் பதிவேடுகளை மூன்று நாள் புரட்டினோம். 1940 களின் ஏடொன்றில் அவ்வரி அகப்பட்டது. மாணவன் பெயர், தந்தை பெயர், ஊர், சாதி, தொழில் 'கூலி'. அக்கால வழக்கப்படி பெயர்களின் இறுதியில் 'ர்' இல்லை, 'ன்' தான்.

முதியவர் அவ்வரியின்மேல் விரலை வைத்தார்; பின் சட்டென எடுத்துக்கொண்டார், மை அழிந்துவிடுமோ என்று அஞ்சியவர்போல. படிக்கத் தெரியாத அவர்க்கு நாம் படித்துக் காட்டினோம். "என் பாட்டன் பேருமா இருக்கு?" என்றார். இருந்தது. அந்த ஒரு வரியின் சான்று நகலைக் கொண்டு பேத்தியின் சான்றிதழ் கிடைத்தது. மன்றோவுக்குப் பத்திரம் எதுவோ, அம்முதியவர்க்கு அவ்வரி அது.

நாம் செய்ய வேண்டுவது

இதனால் நாமும் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று கூற வந்தோமில்லை. தமிழ்நாட்டில் 1929 இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தனர். தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்குப் போதும். தாய் பெயரின் முதலெழுத்தையும் சேர்ப்பது இன்னும் நன்று. அண்ணல் அம்பேத்கரின் பெயரும் அரச வழியில் வந்ததன்று. இரத்தினகிரிப் பகுதியிலுள்ள அம்படவே என்னும் சிற்றூரின் பெயரிலிருந்து வந்தது அது. 1900 நவம்பர் 7 ஆம் நாள் சத்தாராப் பள்ளியில் அவர் சேர்ந்தார். அந்நாளை மராட்டிய மாநிலம் இன்று மாணவர் நாளாகக் கொண்டாடுகிறது. மன்றோ ஓர் ஆற்றின் பெயர். அம்பேத்கர் ஓர் ஊரின் பெயர். முன்னது பத்திரங்களின் வழியே பரவியது. பின்னது பள்ளிப் பதிவேட்டின் வழியே உயர்ந்தது.

25 ஆண்டுகளுக்கு முன் நம் கழகம் மாலை வகுப்பாகத் தொடங்கியபோது முதன்முதல் வாங்கிய பொருள் ஒரு நாற்பது பக்க நோட்டு. பிள்ளைகளின் பெயர்களை எழுதுவதற்காக வாங்கியது அது. வெள்ளிவிழா ஆண்டில் கழகத்தார்க்கு நம் வேண்டுகோள் ஒன்றே. நம் தெருக்களில் எழுபது, எண்பது வயதைக் கடந்தோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். பாட்டன், பூட்டன், பாட்டி, பூட்டி பெயர்களும், எவ்வூரிலிருந்து எவ்வூர்க்கு வந்தனர், எத்தோட்டத்துக்குச் சென்றனர் என்பதும் அவர்தம் நாவில்தான் உள்ளன. உயர்நிலை வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்துப் பெரியோரிடம் கேட்டு நான்கு தலைமுறைப் பெயர்களைத் தேதியிட்டு எழுதிக் கழகத்தில் ஒப்படைக்கட்டும். அவற்றைத் தைத்துக் கெட்டி அட்டையிட்டு வைப்போம்.

நமக்கு முன்னோர் இல்லாமல் இல்லை, எழுதப்படாமல் இருக்கின்றனர். பெயர்களை எழுதும்போது இறுதியில் 'ர்' விகுதி இடுவதைப் பிள்ளைகள் மறவாதிருப்பார்களாக.