காசும் கேஷும்

கேஷ் என்பது ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். கோவில்பட்டிச் சந்தையில் பருத்தியும் உளுந்தும் விற்க வரும் கரிசல் காட்டுச் சம்சாரி 'காசு' என்பார். கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை 'கேஷ்' என்பார். ஒலி ஒத்திருப்பதால், தமிழ்க் காசே ஆங்கிலக் கேஷ் ஆனது என்ற கருத்து பரவலாக உள்ளது. இது பாதி உண்மை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு தனிச் சொற்கள் உள்ளன.

முதல் சொல் ரொக்கத்தைக் குறிப்பது. இது பெட்டி எனப் பொருள்படும் 'காப்சா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு மொழிகளின் வழியே வந்தது. பணப்பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆகி வந்தது. தமிழ் இலக்கணம் இதனை இடவாகுபெயர் என்னும். இச்சொல்லுக்கும் தமிழுக்கும் தொடர்பில்லை.

இரண்டாவது சொல் சிறு நாணயத்தைக் குறிப்பது. இதுவே தமிழ்க் காசு. 16ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடி உள்ளிட்ட கடற்கரைகளில் காலூன்றிய போர்ச்சுக்கீசியர், காசு என்பதைத் தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'கைஷா' என்ற சொல்லாக ஒலித்தனர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் அதைக் 'கேஷ்' என்று எடுத்துக்கொண்டனர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818இல் வெள்ளி ரூபாய் நிலைபெறும் வரை இம்முறை நீடித்தது.

ஐரோப்பிய வணிகர் சீனம் சென்றபோது, நடுவில் சதுரத் துளையிட்ட அந்நாட்டுச் செப்புக் காசுக்கும் இதே பெயரை இட்டனர். சீனர் அதனை 'வென்' என்பர். கயிற்றில் கோத்துச் சரம் சரமாக எண்ணினர். தாங் அரசு கி.பி. 621இல் வெளியிட்ட நாணயமும் ஆங்கில நூல்களில் 'கேஷ்' என்றே குறிக்கப்படுகிறது.

ஆங்கிலம் கற்கும் சீன மாணவர் இங்குதான் தடுமாறுவர். பழைய பயண நூலில் 'இருநூறு கேஷ்' என்று கண்டால், ரொக்கம் எனப் பொருள் கொள்ளக்கூடாது. அது 200 வென். இதை அறிய எளிய வழி உண்டு. ரொக்கத்தைக் குறிக்கும் சொல் எண்ணுப்பெயரை நேரடியாக ஏற்காது. நாணயத்தைக் குறிக்கும் சொல் ஏற்கும்.

யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, இந்த நாணயச் சொல்லைத் தனியாகப் பதிவு செய்துள்ளது. தமிழிலோ காசு அதனினும் மிகப் பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் அது நாணயம். யாப்பிலக்கணத்தில் வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள் ஒன்று. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் தமிழன்று என்பதால் காசின் பெருமை குறைவதில்லை. சீன நாணயத்துக்கே ஆங்கிலத்தில் பெயர் தந்த சொல் அது.